32 வருடம் காத்திருந்தவன் வாங்கிய ரிக்கற்

போன வருடம் ஒக்ரோபர் 31, வெள்ளிக்கிழமை, பின்னேரம் ஏழு மணி தாண்டியிருந்தது. ரொறன்ரோவில் ரோஜர்ஸ் சென்ரர் வாசலில் போனை நீட்டியபடி நின்றேன். உள்ளே எங்கள் ஊர் பேஸ்போல் அணியான ப்ளூ ஜேஸ், ஏழில் நாலு ஆட்டம் வென்றால் கிண்ணம் என்ற வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. வென்றால் 32 வருடங்களுக்குப் பிறகு கிண்ணம். வாசலில் நின்ற பிள்ளைக்கு இருபது வயதுகூட இராது. என் போனில் இருந்த பார்கோட்டை இரண்டு தரம் கருவியில் காட்டிப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, இது வெறும் படம், ரிக்கற் இல்லை என்று மெதுவாகச் சொன்னாள். எனக்குப் பின்னால் நீல உடுப்போடு நூறு பேர் நின்றார்கள். நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

நான் இழந்தது 1,400 கனடிய டொலர். அதற்குப் பிறகு வங்கியோடும் பொலிசோடும் மல்லுக்கட்டியதில் போன நேரத்தைக் கணக்குப் பார்த்தால் முழுதாக இரண்டு வேலை நாள் வரும். ஆறு கிழமை ஒருவருக்கும் மூச்சு விடவில்லை, மனைவிக்குக்கூட. மார்ச் கடைசியில் புதுப் பருவம் தொடங்குகிறது. போன வருடம் பேஸ்போல் பக்கம் திரும்பியும் பார்க்காத சனமெல்லாம் இந்த முறை ரிக்கற் தேடும். அவர்களில் ஒருவராவது என்னைப்போல அந்த வாசலில் நிற்கக்கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எப்படி ஏமாந்தேன் என்று சொல்லவேண்டும் என்றால், இந்த அணியின் கதையை முதலில் சொல்லவேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை.

நான் 1990 மார்கழியில் கனடாவுக்கு வந்தேன். இருபது வயது. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, டன்போர்த் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சமையலறையில் கோப்பை கழுவினேன். அங்கே ஒரு சின்ன ரேடியோ எந்நேரமும் பேஸ்போல் வர்ணனையோடு ஓடிக்கொண்டிருக்கும். கிரிக்கெற் தெரிந்த எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒருநாள் சமையற்காரர் ரீவியில் காட்டி விளங்கப்படுத்தியபோதுதான், இது எங்கள் பள்ளிக்கூடத்தில் விளையாடிய எல்லே மாதிரி அல்லவா என்று பொறி தட்டியது. அடித்துவிட்டு ஓடு, ஒவ்வொரு தரிப்பாக, இவர்கள் சொல்லும் பேஸாக, தொட்டுச் சுற்றி வா. அவ்வளவுதான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

ப்ளூ ஜேஸ் 1977இல்தான் பிறந்த அணி. ஏப்ரல் 7ஆம் திகதி, ஒன்ராறியோ ஏரிக்கரையில் இருந்த எக்சிபிஷன் ஸ்ரேடியத்தில், மைதானத்தில் பனி கொட்டிக் கிடக்க முதல் ஆட்டம் ஆடி, சிக்காகோ வைற் சொக்ஸை 9–5 என்று வென்றார்கள். 1985இல் முதல்முறையாக லீக்கில் தங்கள் பிரிவில் முதலிடம். ஆனால் அந்த வருடம் கன்சாஸ் சிற்றி ரோயல்ஸோடு ஏழு ஆட்டத் தொடரில் 3–1 என்று முன்னணியில் இருந்து தோற்றார்கள். 1987இல் பருவத்தின் கடைசி ஏழு ஆட்டங்களையும் அடுத்தடுத்துத் தோற்று வாய்ப்பைக் கைவிட்டார்கள். 1989இல் கூரை திறந்து மூடும் ஸ்கைடோம் கட்டி முடிந்தது. இன்றைய ரோஜர்ஸ் சென்ரர் அதுதான். 1991இல், நான் வந்து சேர்ந்த அடுத்த கோடையில், ஒரு பருவத்தில் 40 லட்சம் பேர் வந்து பார்த்த முதல் அணி என்ற பெயரை எடுத்தார்கள். அந்த 40 லட்சத்தில் நான் இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு ஆறு டொலர் உழைத்து, பாதியை ஊருக்கு அனுப்பியவனுக்கு அது எட்டாத பழம்.

1992இல் அற்லாண்டா பிரேவ்ஸை வென்று, அமெரிக்காவுக்கு வெளியே இருந்து வேர்ல்ட் சீரிஸ் வென்ற முதல் அணி ஆனார்கள். பயிற்றுநர் சீற்றோ காஸ்ரன், அந்தக் கிண்ணத்தை வென்ற முதல் கறுப்பினப் பயிற்றுநர். அடுத்த வருடம், 1993 ஒக்ரோபர் 23, சனிக்கிழமை. பிலடெல்பியா பிலீஸோடு ஆறாவது ஆட்டம், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ், ப்ளூ ஜேஸ் 6–5 என்று பின்னால். இரண்டு பேர் பேஸில் நிற்க ஜோ கார்ட்டர் இடதுபக்கச் சுவருக்கு மேலால் அடித்தார். அதுதான் ஹோம் ரன், பேஸில் நின்றவர்களுக்கும் அடித்தவருக்கும் ஆளுக்கொரு ஓட்டம். ஆட்டமும் தொடரும் ஒரே அடியில் முடிந்தன. நான் கையில் சவர்க்கார நுரையோடு சமையலறையில் நின்றேன். கடை பூட்டியபின் யங் வீதிக்குப் போனேன். முகம் தெரியாத ஒரு மனிசன், வெள்ளைக்காரர், என் அப்பாவின் வயதிருக்கும், ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடத்தில் ஒரு அந்நியர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், நாளைக்கு இங்கே இருப்பேனா என்று தெரியாமல் இருந்த காலம் அது. அன்றிரவு மட்டும் நான் இந்த ஊர்க்காரன்.

அடுத்த வருடம் எப்படியும் காசு சேர்த்து உள்ளே போவது என்று நினைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். 1994 ஓகஸ்டில் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருடம் வேர்ல்ட் சீரிஸே நடக்கவில்லை. அதோடு சேர்த்து 21 பருவங்கள் ப்ளூ ஜேஸ் இறுதிச் சுற்றுகளை எட்டிப் பார்க்கவில்லை. றோய் ஹாலடே மாதிரி ஒரு பந்து வீச்சாளர் இருந்தும் முடியவில்லை. அதற்குள் எனக்குக் கலியாணமாகி, ஸ்காபரோவில் வீடு வாங்கி, பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். 2015இல் ஹொசே பௌட்டிஸ்டா ரெக்சாஸுக்கு எதிராக ஹோம் ரன் அடித்துவிட்டு மட்டையைத் தூக்கி எறிந்தபோது நான் இரவு வேலையில். 2022இல் சியாற்றில் அணிக்கு எதிராக 8–1 முன்னணியில் இருந்து 10–9 என்று தோற்றதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. 2024இல் 74 வெற்றி, 88 தோல்வி, பிரிவில் கடைசி இடம். காத்திருப்பைத் தவிர இந்த அணியின் ரசிகனுக்கு வேறு வேலை இருந்ததில்லை.

அப்படி இருக்கத்தான் 2025 வந்தது. ஏப்ரலில் விளாடிமிர் குரேரோ ஜூனியரை 14 வருடத்துக்கு 500 மில்லியன் அமெரிக்க டொலர் கொடுத்து நிறுத்தி வைத்தார்கள். அவர் மொன்றியலில் பிறந்தவர், தகப்பன் அங்கே ஆடிய காலத்தில். 94 வெற்றியோடு பிரிவில் முதலிடம். யாங்கீஸை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேர்ல்ட் சீரிஸுக்குக் கொண்டுபோன, சியாற்றிலுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த மூன்று ஓட்ட ஹோம் ரன்னுக்கு என் மனைவி, பேஸ்போலில் ஒரு எழுத்தும் தெரியாதவர், குசினியிலிருந்து ஓடிவந்து "என்ன, ஆருக்கும் ஏதும் நடந்திட்டுதோ?" என்று கேட்டார். அப்படிக் கத்தியிருக்கிறேன்.

பிறகு வேர்ல்ட் சீரிஸில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ். மூன்றாவது ஆட்டம் சமநிலையில் இழுபட்டு, ஒன்பதுக்குப் பதிலாக 18 இன்னிங்ஸ் போனது. எங்கள் நேரத்துக்கு விடியப்புறம் மூன்று மணிக்குக் கிட்ட, பிரெடி பிரீமனின் ஹோம் ரன்னோடு தோற்றோம். ஏழு மணிக்கு எனக்கு வேலை. ஆனால் அடுத்த இரண்டு ஆட்டங்களையும் அவர்கள் மண்ணிலேயே வென்றுவிட்டார்கள். ஒக்ரோபர் 29, புதன்கிழமை, ஐந்தாவது ஆட்டத்தில் ட்ரே யெசாவேஜ் என்ற 22 வயதுப் பெடியன் பந்து வீசி 12 பேரை ஸ்ற்ரைக் அவுற், அதாவது பந்தை அடிக்கவிடாமலே அவுற், ஆக்கினான். அந்தப் பருவத்தைக் கீழ்மட்ட லீக்கில் தொடங்கி, பெரிய அணிக்கு செப்ரெம்பரில்தான் வந்தவன். தொடர் 3–2. இன்னும் ஒரு வெற்றி. வெள்ளி இரவு, எங்கள் ஊரில்.

அன்றிரவு பதினொன்றரை மணிக்குக் கட்டிலில் கிடந்தபடி ரிக்கற் தேடத் தொடங்கினேன். நித்திரையில்லாத மூன்றாவது நாள். இதை ஒரு குறிப்பாகவே எடுங்கள். பெரிய ஆட்டம் வென்ற இரவில், களைத்த கண்ணோடு, காசு சம்பந்தப்பட்ட ஒரு அலுவலும் செய்யக்கூடாது. ஏமாற்றுபவர்களுக்கு ஆட்ட அட்டவணை எங்களைவிட வடிவாகத் தெரியும். அவர்கள் எங்களைத் தேடி வருவதில்லை. நாங்கள் தேடும் நேரத்தில் அங்கே இருப்பார்கள்.

முறையான இடங்களில் மிக மோசமான இருக்கையே என் இரண்டு கிழமைச் சம்பளத்தைக் கேட்டது. அப்போதுதான் ரொறன்ரோத் தமிழர்கள் இருக்கும் ஒரு சமூக வலைக் குழுவில் ஒரு பதிவைக் கண்டேன். தமிழ்ப் பெயர், கோயில் வாசலில் குடும்பத்தோடு நிற்கும் படம். தன் மச்சானுக்கு வேலை வந்துவிட்டதால் ஒரு ரிக்கற் மிஞ்சியிருக்கிறது, வாங்கின விலைக்கே தருகிறேன், 1,100 டொலர் என்று இருந்தது. மெசேஜ் போட்டேன். உடனே பதில். ஆங்கிலத்தில் எழுதி, இடைக்கிடை "அண்ணா, அண்ணா" என்று சேர்த்தார். எங்கள் ஆள்தானே என்று என் மனம் இளகிவிட்டது. ஒருக்கால் கதைப்போமா என்று கேட்டேன். பிள்ளை நித்திரை, கதைக்க ஏலாது, இன்னும் இரண்டு பேர் கேட்கிறார்கள், அண்ணா எண்டபடியால் உங்களுக்கு அரை மணித்தியாலம் வைத்திருக்கிறேன் என்று பதில் வந்தது.

அந்த இடத்தில் நான் நின்றிருக்கவேண்டும். ஒரு நிமிடம் தமிழில் கதைத்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். அந்தக் கணக்கு உண்மையில் ஒரு தமிழ்க் குடும்பத்தினுடையதுதான் என்றும், அதை யாரோ களவாடிக் கைப்பற்றியிருந்தார்கள் என்றும் பிற்பாடுதான் அறிந்தேன். அந்த மனிசனுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. ஆகவே எங்கள் ஆட்கள் என்பதற்காக நம்பாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் ஆள்தானா என்பதைக் குரலைக் கேட்டு உறுதி செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன். குரல் தர மறுப்பவருக்குக் காசு கொடுக்கவேண்டாம். அரை மணித்தியாலம்தான் என்று கெடு வைப்பவருக்கு ஒரு சதமும் கொடுக்கவேண்டாம்.

1,100 டொலரை ஈ-ட்ரான்ஸ்பர் செய்தேன், அதாவது வங்கியிலிருந்து மின்னஞ்சல் முகவரிக்குக் காசு அனுப்பும் முறை. கடவுச்சொல் கேட்கும் வகை இல்லை. பெறுபவரின் கணக்கில் தானாகப் போய் விழும் வகை. இதன் வித்தியாசம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. கேள்வி பதில் உள்ள வகையில், மற்றவர் எடுக்கும்வரை நாங்கள் நிறுத்தலாம். தானாக விழும் வகையில் பொத்தானை அமத்திய அந்தக் கணமே காசு கைமாறிவிடும், திருப்ப வழியில்லை. பெறுபவர் தானியங்கி வகையில் பதிந்திருக்கிறார் என்று திரையில் ஒரு வரி வரும், அதோடு பதிந்தவரின் பெயரும் வரும். எனக்கு வந்த பெயர் தமிழ்ப் பெயரே இல்லை. கேட்டதற்கு, மனைவியின் கணக்கு என்றார். நம்பினேன்.

பத்து நிமிடத்தில் பார்கோட்டோடு ஒரு ஸ்க்ரீன்ஷொட் வந்தது. மேல்மாடி, 500களில் ஒரு பகுதி, வரிசை, இருக்கை எண் எல்லாம் இருந்தன. சந்தோசத்தில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அடுத்தநாள் மத்தியானம் வேலையில் நிற்கும்போது இன்னொரு மெசேஜ். ரிக்கற்றை என் பெயருக்கு மாற்ற 300 டொலர் உத்தரவாதக் காசு கட்டவேண்டும், மாற்றியவுடன் திரும்பி வரும், இல்லாவிட்டால் ரிக்கற் ரத்தாகிவிடும் என்று. நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதை ஒத்துக்கொண்டால் 1,100 போய்விட்டது என்றும் ஒத்துக்கொள்ளவேண்டும். அதற்கு மனம் இல்லாமல் 300ஐயும் அனுப்பினேன். இரண்டாவது தரம் காசு கேட்கிறார்கள் என்றாலே முதலாவது போய்விட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் நிறுத்துபவர் பெரிய தொகையைக் காப்பாற்றிக்கொள்கிறார். வங்கியில் என்னோடு கதைத்த அலுவலர், இரண்டாவதோடு நில்லாமல் ஐந்தாவது வரைக்கும் போனவர்களைத் தனக்குத் தெரியும் என்றார்.

வெள்ளிக்கிழமை ஹலோவீன். மனைவி வாசலில் இருந்து பிள்ளைகளுக்குச் சொக்லேற் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட வேலை செய்பவரோடு சேர்ந்து மச் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, எக்லின்ரன் ஸ்ரேசனில் கோ ரெயின் ஏறினேன். பெட்டி முழுக்க நீலம். யூனியன் ஸ்ரேசனிலிருந்து ஸ்ரேடியத்துக்குப் போகும் மூடிய நடைபாதையில் சனம் பாடிக்கொண்டு போனது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக நடந்த பத்து நிமிடங்கள் மிகக் குறைவு. அதைத்தான் இன்றும் என்னால் மறக்க முடியவில்லை, காசை அல்ல.

வாசலில் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அந்த ஆளுக்கு மெசேஜ் போட்டேன். கணக்கே காணாமல் போயிருந்தது. வெளியே மதிலோரம் ஒரு மணித்தியாலம் நின்றேன். உள்ளே எழும் சத்தம் கொங்கிறீற்றுக்கு ஊடாக உடம்பில் அதிரும். பிறகு குளிர் தாங்காமல் ரெயின் ஏறி, காதில் வர்ணனையைக் கேட்டபடி வந்தேன். அன்று 3–1 தோல்வி. ஒன்பதாவது இன்னிங்ஸில் அடிசன் பார்கர் அடித்த பந்து சுவரின் அடியில் போய்ச் செருகிக்கொண்டதால், சுற்றி ஓடிவந்து ஓட்டம் எடுத்திருக்கக்கூடியவர் மூன்றாவது பேஸில் நிற்கவேண்டி வந்தது. கடைசியில் ஒரே பந்தில் இரண்டு பேர் அவுற். வீட்டுக்கு வந்தபோது மனைவி "மச் தோத்ததுக்கே முகம் இப்பிடி இருக்கு?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

சனிக்கிழமை ஏழாவது ஆட்டத்தை வீட்டில் பிள்ளைகளோடு பார்த்தேன். எங்கள் போ பிஷெட் மூன்றாவது இன்னிங்ஸில் டொட்ஜர்ஸின் ஒட்டானி வீசிய பந்தை மூன்று ஓட்ட ஹோம் ரன்னாக்கினார். வெற்றிக்கு இன்னும் இரண்டு அவுற் மட்டும் இருக்கையில், அவர்களின் அவ்வளவு பெரிய அடிகாரர் அல்லாத மிகேல் ரோஹாஸ் ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். 11ஆவது இன்னிங்ஸில் அவர்களின் வில் ஸ்மித் இன்னொரு ஹோம் ரன் அடித்தார். 5–4 தோல்வி. நடுச்சாமம் தாண்டிவிட்டது. அன்றிரவுதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளும் இரவு. எனக்கு அந்த வருடத்தின் ஆக நீண்ட இரவுக்கு இன்னும் ஒரு மணித்தியாலம் கூடக் கிடைத்தது.

வங்கிக்குத் திங்கட்கிழமைதான் போன் அடித்தேன். வெட்கம்தான் காரணம். இதுதான் நான் விட்ட ஆகப் பெரிய பிழை. ஏமாந்தது தெரிந்த அந்த மணித்தியாலத்திலேயே, ஸ்ரேடிய வாசலில் நின்றபடியே, வங்கியின் மோசடிப் பிரிவுக்கு அடித்திருக்கவேண்டும். காசு ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடமுன் மறித்தால் சிலவேளை கொஞ்சமாவது மிஞ்சும். மூன்று நாள் கழித்து ஒன்றும் மிஞ்சாது. நீங்களே விரும்பி அனுப்பிய காசு, ஆகவே எங்களால் ஈடுசெய்ய ஏலாது என்று நாலு தரம் கதைத்தபின் கடிதம் வந்தது. கிரெடிற் கார்ட்டில் கட்டியிருந்தால் அந்தக் கொடுப்பனவை எதிர்த்து முறையிட ஒரு வழியாவது இருந்திருக்கும். பொலிசில் முறைப்பாடு செய்து, கனடிய மோசடித் தடுப்பு நிலையத்திலும் பதிந்தேன். காசு திரும்பி வரும் என்பதற்காக அல்ல. அதே மின்னஞ்சல் முகவரி, அதே கணக்கு இன்னும் பத்து முறைப்பாடுகளில் வந்தால்தான் யாராவது தேடுவார்கள். மெசேஜ்கள், அனுப்பிய விபரம், அந்த ஸ்க்ரீன்ஷொட் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். நான் ஆத்திரத்தில் பாதியை அழித்துவிட்டு, முறைப்பாடு எழுதும்போது அவதிப்பட்டேன்.

இன்னொன்றும் நடந்தது. என் பெயரைப் போடாமல் ஒரு குழுவில் இந்த மோசடியைப் பற்றி எழுதியிருந்தேன். இரண்டு நாளில் ஒருவர் தொடர்புகொண்டு, இழந்த காசை மீட்டுத் தரும் நிறுவனத்தில் வேலை செய்வதாகவும், 200 டொலர் கட்டினால் வேலை தொடங்கலாம் என்றும் சொன்னார். அதற்கும் கை போனது. வங்கித் திரையைத் திறந்து தொகையையும் அடித்துவிட்டேன். பிறகு மூத்த மகளைக் கூப்பிட்டு, என் சிநேகிதர் ஒருவருக்கு நடந்தது என்று சொல்லி, இப்படி ஒரு நிறுவனம் உண்மையாக இருக்குமோ என்று கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "அப்பா, எவ்வளவு போட்டுது?" என்று மட்டும் கேட்டாள். அங்கேதான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏமாந்தவரைத்தான் இரண்டாவது தரமும் தேடி வருவார்கள். முன்காசு கேட்டு மீட்டுத் தருகிறேன் என்று வருபவர் அதே கூட்டத்து ஆள்.

மனைவிக்கு அன்றிரவே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். "அந்தக் காசுக்கு ஒவ்வொரு மாசமும் ஒண்டுக்குப் போயிருக்கலாமே, ஏன் ஒருநாளும் போகேல்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. 35 வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், ஒரு பருவத்தில் 81 ஆட்டங்கள் இந்த மைதானத்தில் நடக்கின்றன, நான் உள்ளே போனது மொத்தம் மூன்றே தரம். இறுதிச் சுற்றுக்குப் போவது, போவது என்று சொல்லிச் சொல்லியே சாதாரண ஆட்டங்களைத் தவறவிட்டேன். அந்த ஏக்கம் சேர்ந்து சேர்ந்துதான் அந்த இரவில் என் கண்ணைக் கட்டியது என்று இப்போது விளங்குகிறது.

ஆகவே இந்த முறை எப்படி வாங்குகிறேன் என்று சொல்கிறேன். இப்போதெல்லாம் ரிக்கற் என்பது பேஸ்போல் லீக்கின் அதிகாரபூர்வச் செயலிக்குள் உங்கள் கணக்கில் இருக்கும் ஒன்று. ஒருவர் விற்பதென்றால் தன் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாற்றவேண்டும், அது உங்கள் செயலியில் தெரியவேண்டும். படம், பிடிஎப், ஸ்க்ரீன்ஷொட் எதுவும் ரிக்கற் அல்ல. அணியின் தளத்தில் வாங்குங்கள், அல்லது உத்தரவாதம் உள்ள மறுவிற்பனைத் தளத்தில் கிரெடிற் கார்ட்டால் வாங்குங்கள். மறுவிற்பனையில் கட்டணங்கள் எல்லாம் சேர்த்த மொத்த விலையைப் பாருங்கள். அத்தோடு விலை அமெரிக்க டொலரா கனடிய டொலரா என்றும் பாருங்கள். ஒக்ரோபர் ஆட்டங்களுக்குப் பருவ ரிக்கற் வைத்திருப்பவர்களுக்குத்தான் முதல் வாய்ப்பு, பிறகு மின்னஞ்சலில் முன்பதிவு செய்தவர்களுக்கு. அந்தப் பதிவுக்குக் காசில்லை, இப்போதே செய்து வையுங்கள். உண்மையில் மலிவாகப் பார்க்கவேண்டும் என்றால் ஏப்ரல், மே மாதங்களில், கிழமை நாட்களில், பெயர் பெரிதாக இல்லாத அணி வரும்போது மேல்மாடியில் வாங்குங்கள். குடும்பமாகப் போனாலும் நான் அன்றைக்கு இழந்த 300இல் ஒரு பங்குதான் முடியும்.

இந்தப் பருவம் ப்ளூ ஜேஸின் 50ஆவது பருவம். என் மனதில் பயமும் இருக்கிறது. பிஷெட் நியூயோர்க் மெற்ஸுக்குப் போய்விட்டார். குரேரோவும் அவரும் ஒன்றாக வளர்ந்த பெடியங்கள், அந்தச் சோடி பிரிந்தது எனக்கு ஒரு வீட்டுக்காரர் போனமாதிரி. ஸ்பிரிங்கருக்கும் பந்து வீச்சாளர் கெவின் கோஸ்மனுக்கும் ஒப்பந்தத்தில் இதுதான் கடைசி வருடம், ஆகவே இந்த அணி இதே முகங்களோடு இன்னொரு தரம் வராது. ஆனால் வந்தவர்களைப் பாருங்கள். பந்து வீச்சாளர் டிலன் சீஸ், ஏழு வருடம், 210 மில்லியன் அமெரிக்க டொலர். போன வருடம் கொரிய லீக்கில் சிறந்த வீரர் விருது வாங்கிய பந்து வீச்சாளர் கோடி பொன்ஸ். ஜப்பானிலிருந்து அடிகாரர் கசுமா ஒகமோட்டோ, நாலு வருடம், 60 மில்லியன். இவர்களோடு யெசாவேஜுக்கு முதல் முழுப் பருவம். பந்து வீச்சுத்தான் ஒக்ரோபரில் ஒரு அணியைத் தூக்கி நிறுத்தும், அந்த வகையில் இது போன வருடத்தைவிடப் பலமான அணி என்று நம்புகிறேன். அடியில்தான் ஒரு ஓட்டை. பிஷெட்டின் இடத்தை ஒகமோட்டோ எவ்வளவு கெதியாக நிரப்புகிறார் என்பதில் நிறையத் தங்கியிருக்கிறது. புதிய லீக், புதிய பந்து வீச்சு, அவருக்கு மே மாதம்வரை அவகாசம் கொடுக்கவேண்டும். ஏப்ரலிலேயே திட்டத் தொடங்காதீர்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். போன வருடம் குரேரோவே ஏப்ரலில் மெதுவாகத்தான் தொடங்கினார்.

ஏப்ரலில் ஒரு கிழமை நாளுக்கு நாலு ரிக்கற் வாங்கிவிட்டேன். மகள் பக்கத்தில் இருந்து பார்க்க, என் செயலியில், என் கிரெடிற் கார்ட்டில். மேல்மாடி, மூன்றாவது பேஸ் பக்கம். வேலையில் அன்றைக்கு லீவும் சொல்லியாயிற்று. மனைவி முதல் தடவையாக வருகிறார். எத்தனை மணித்தியாலம் இருக்கவேண்டும், உள்ளே குளிருமோ, வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு போகலாமோ என்று கேட்டார். கொண்டு போகலாம், போத்தல்தான் கண்ணாடியாக இருக்கக்கூடாது என்றேன். அப்படியென்றால் கட்லற் செய்கிறேன் என்றார், எத்தனை என்று இப்போதே கணக்குப் பார்க்கிறார்.